பத்து மணிக்கு மூன்று நிமிடம்

வானொலி நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'எதுக்கும் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைச் செய்தாலும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் செய்வார். வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் கையில் குடை இருக்கும். பேனா இரண்டு, மூக்குக்கண்ணாடி இரண்டு, இழுப்பறைச் சாவி மூன்று. மனைவி விஷயத்தில் மட்டும்தான் மனிதர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார் என்று ஒலிநாடா நூலகத்தில் ஒரு கேலி உண்டு. அதைக் கேட்டு அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு, வேறு யார் காதிலாவது விழுந்ததா என்று திரும்பிப் பார்ப்பார்.

சுத்தமான பயந்தாங்கொள்ளி. அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அவருக்குக் கட்டுப்பாட்டு அறையில் வேலை. நிலையத்திலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு சத்தமும் அவர் கைக்குக் கீழேதான் போயாக வேண்டும். முன்னால் ஒரு சாய்ந்த மேசை, அதில் வரிசையாக ஃபேடர்கள். மேலே தள்ளினால் ஒலி, கீழே இழுத்தால் மௌனம். அவற்றில் வலது ஓரத்தில் சிவப்புத் தலையுடன் இருப்பதுதான் முதன்மை ஃபேடர். அதை இறக்கினால் நிலையமே ஊமை. எதிரே பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளர் உட்கார்ந்திருப்பார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், முக்கியமான ஒரு உரை போய்க்கொண்டிருக்கும்போது நாடா அறுந்துவிட்டது. புது நாடாவைக் கோக்கப் போன கை உதறியதில் அது தரையில் விழுந்து உருண்டது. நாற்பத்தொரு வினாடி நாடு முழுக்க வானொலி பேசவில்லை. மூன்று வாரம் இடைநீக்கம், ஒரு விசாரணை, ஒரு மெமோ. அந்த மெமோ இன்னும் பீரோவில் கல்யாணப் பத்திரிகைக்கு அடியில் இருக்கிறது. அன்றைக்குப் பிடித்த பயம்தான். இருபத்து நான்கு வருஷமாக அவர் பணிநேரத்தில் ஏழு வினாடிக்கு மேல் மௌனம் விழுந்ததே கிடையாது. விழுந்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். எத்தனை மணிக்கு, எத்தனை வினாடி, என்ன காரணம், யார் கையெழுத்து. அந்தக் காரணக் கட்டத்தைக் கண்ணால் பார்க்கக்கூட அவருக்குப் பிடிக்காது.

அந்தப் பயம் போதாதென்று நான்கு வருஷம் முன்னால் தலைமையகத்துக்கு மூன்று கடிதம் எழுதி ஒரு பெட்டியையும் வரவழைத்தார். மௌனம் பதினைந்து வினாடியைத் தாண்டினால் அதுவாகவே விழித்துக்கொண்டு பதிவு செய்து வைத்ததை ஒலிபரப்பும் பெட்டி. ஃபேடர் மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன, அதற்குக் கவலையில்லை. அதற்காகக் கொஞ்சம் புல்லாங்குழலும் ஒரு அறிவிப்பும் பதிவு செய்தார்கள். குரல் கொடுத்தது அவருடைய பணிநேரத்து அறிவிப்பாளர்தான்.

"எப்பண்ணா இது ஓடும்?" என்று அவள் கேட்டாள்.

"ஓடவே கூடாதும்மா. எதுக்கும் இருக்கட்டும்."

சொன்னபடி ஒரு நாளும் ஓடவில்லை. பின்பக்கத்து இரும்பு அலமாரியின் உச்சியில் தூசி ஏறிக் கிடந்தது.

அந்த அறிவிப்பாளருக்கு ஒன்பது வருஷமாக ஒப்பந்த வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். நடக்கிற சத்தம் மைக்கில் விழக் கூடாதென்று துணிச் செருப்பு ஒரு ஜோடி ஸ்டுடியோவில் வைத்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி அதை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வருவாள். ஒன்பது வருஷத்தில் அவளும் அவரும் வாய்விட்டுப் பேசியதைவிடக் கண்ணாடி வழியாகச் சைகையில் பேசியதுதான் அதிகம். காது மடலைத் தொட்டால் எல்லாம் சரி. ஒரு விரல் என்றால் ஒரு நிமிடம் பாக்கி. நெற்றியில் கை வைத்தால் இயக்குநர் வருகிறார் என்று அர்த்தம்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் தலைமையகத்துச் சுற்றறிக்கை வந்து விழுந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து காலை நிகழ்ச்சிகள் தவிர மற்றதெல்லாம் தலைமையகத்துக் கணினியிலிருந்து நேராக வரும். ஒப்பந்த ஊழியர்கள் இருபத்தாறு பேர் தேவைப்பட மாட்டார்கள். இத்தனை நாள் உழைத்ததற்கு நன்றி என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியைப் படித்துத்தான் எல்லாருக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

சங்கம் கூடியது. முழு வேலைநிறுத்தத்துக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை கொடுப்பது என்று முடிவானது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நேரம் சொல்லி முடித்ததும், மூன்று நிமிடம் ஒலிபரப்பு நிற்கும். ஒப்பந்த ஊழியர் யாராவது நிறுத்தினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் நிறுத்துகிற கை நிரந்தர ஊழியருடைய கையாக இருக்க வேண்டும். கைதட்டினார்கள். நம்மவரும் பின்வரிசையில் நின்று தட்டினார். தட்டி முடித்த பிறகுதான் பணிநேரப் பட்டியல் ஞாபகத்துக்கு வந்தது.

அறிவிப்புப் பலகைக்கு ஓடினார். திங்கட்கிழமை, காலை, கட்டுப்பாட்டு அறை. முதல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டாவது கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். அதிலும் அவர் பெயர்தான் இருந்தது.

மதியப் பணிக்காரரிடம் போய், "திங்கட்கிழமை மட்டும் மாத்திக்கலாமா? வீட்ல ஒரு வேலை" என்றார்.

"என்ன வேலை?"

"குழாய் ரிப்பேர்."

"மூணு நிமிஷத்துக்கா?" என்று அவர் கேட்டுவிட்டு நமட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

அன்று மாலை சங்கச் செயலாளர் அவரைத் தேடிக்கொண்டு வந்தார். நூலகத்தில் வேலை பார்க்கிற கட்டைக் குரல் மனிதர். அவர் தோளில் கை போட்டால் அரை நாள் வலிக்கும்.

"அண்ணே, மூணே நிமிஷம். முட்டை வேகற நேரம் கூட இல்ல."

"முட்டைய வேகவெச்சா யாரும் வேலைய விட்டுத் தூக்க மாட்டாங்களே, தம்பி."

செயலாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "கேட் வாசல்ல எல்லாரும் ரேடியோவ வெச்சுக்கிட்டு நிப்போம். எங்க காதெல்லாம் உங்க கையிலதான் இருக்கு" என்றார். உற்சாகப்படுத்தத்தான் சொன்னார். அதைக் கேட்டவர் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். இயக்குநர் கத்துகிற ஆளில்லை. கத்தியிருந்தாலாவது பரவாயில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, தேநீரும் வரவழைத்தார்.

"உங்களுக்கு இன்னும் எத்தன வருஷம் சர்வீஸ் இருக்கு?"

"மூணு வருஷம் சார்."

"குவாட்டர்ஸ்லதான இருக்கீங்க?"

"ஆமா சார்."

"இது அத்தியாவசிய சேவை. சங்கம் தீர்மானம் போடும், கை தட்டும். ஆனா நாளைக்கு விசாரணைன்னு வந்தா தீர்மானத்த விசாரிக்க மாட்டாங்க. கைய வெச்சவர விசாரிப்பாங்க. நீங்க எதுவும் புதுசா செய்ய வேணாம். எப்பவும் செய்யறதையே செய்யுங்க, போதும்."

தேநீரை அவர் தொடவே இல்லை. கோப்பையைத் தூக்கினால் தட்டில் கடகடவென்று ஆடும் என்று தெரியும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அந்த அம்மாள் தையல் இயந்திரத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?" என்று மட்டும் கேட்டாள்.

"எந்தப் பொண்ணு?"

"உங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கற பொண்ணு."

"அவ ஒண்ணும் சொல்லல."

"ம்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த துணியை எடுத்தாள். நம்மவருக்கு அந்த 'ம்' பிடிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் மூன்று அட்டைப்பெட்டிகள் இருந்தன. ஒன்றில் பாத்திரங்கள், ஒன்றில் போர்வைகள். மூன்றாவது இன்னும் காலி.

"எதுக்கு இதெல்லாம் கட்டற?"

"எதுக்கும் இருக்கட்டும்னு."

இருபத்தைந்து வருஷமாக அவர் சொன்ன வார்த்தையை அவள் திருப்பிச் சொன்னது அன்றைக்குத்தான். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்று அவர் நான்கு நாளாக நினைத்து நினைத்து மருகியதை அவளும் நினைத்திருக்கிறாள். நினைத்ததோடு விடாமல் பாத்திரத்தையும் அடுக்கிவிட்டாள். ஒலிபரப்பை நிறுத்து என்கிறாளா, நிறுத்தாதே என்கிறாளா என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அறிவிப்பாளர் இணைப்பு மைக்கை அழுத்தினாள். அது அவருக்கு மட்டும் கேட்கும்.

"அண்ணா."

"சொல்லும்மா."

"உங்களால முடியலன்னா பரவால்ல. நான் கோவிச்சுக்க மாட்டேன். மத்தவங்க ஏதாவது சொன்னா அவங்ககிட்டயும் நானே சொல்லிக்கறேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. அவள் திரும்பி, எப்போதும் போலச் சிரித்த குரலில் அடுத்த பாட்டை அறிவித்தாள். வேலை முடிந்து அவள் கிளம்பும்போது கைப்பையின் வாயிலிருந்து துணிச் செருப்பின் நுனி எட்டிப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் அதை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனதே இல்லை. 'முடியாது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்' என்று அவருக்குப் பட்டது. தன்னைப் பற்றித்தான் அந்த முடிவு என்பதும் புரிந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்ததால் பேசாமல் வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஜுரம் வராதா என்று காத்திருந்தார். மணிக்கொரு தரம் தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்தார். கடைசியில் மனைவி வந்து புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஜுரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. போய்க் குளிங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு இயக்குநர் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் மூச்சு விடுவது கழுத்துப் பிடரியில் படுவது போலிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நெற்றியில் கை வைத்தாள். இயக்குநர் வருகிறார் என்ற பழைய சைகை. அவர்தான் வந்தே விட்டாரே என்று நினைத்தபோது இவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஒன்பது ஐம்பத்தெட்டு. கடைசிப் பாட்டு. பத்து மணிக்குப் போக வேண்டிய விவசாய நிகழ்ச்சி முதல் இயந்திரத்தில் தயாராக இருந்தது. பொத்தானை அழுத்தினால் போதும், மூன்று வருஷம் நிம்மதியாகக் கழியும். அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பாத்திரங்களை மறுபடி அலமாரியில் அடுக்கிக்கொள்ளலாம்.

பாட்டு முடிந்தது. விளக்கு எரிந்தது. அவள் மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

"நேரம், காலை மணி பத்து."

ஒரு பிசிறில்லை, ஒரு நடுக்கமில்லை. சொல்லிவிட்டு மைக்கை அணைத்தாள். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். இவர் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் இவரை நெருக்குவது போலாகிவிடும் என்று நினைத்திருக்க வேண்டும்.

அவர் கை பொத்தானிடம் போனது. போன கை, ஏனென்று அவருக்கே விளங்காமல், அங்கிருந்து நகர்ந்து சிவப்புத் தலையைப் பிடித்துக் கீழே இழுத்தது.

மௌனம்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. "என்ன பண்றீங்க?" என்று இயக்குநர் கேட்டார். நம்மவர் வினாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான்கு, ஐந்து. காதுக்குள் இரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. ஏழு. ஏழையும் தாண்டியாயிற்று. ஒன்பது. செத்தேன், இனி செத்தவன்தான். பன்னிரண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தலை மெல்ல நிமிர்ந்தது. பதினான்கு.

அலமாரியின் உச்சியில் 'டக்' என்று ஒரு சத்தம்.

ஒலிபெருக்கியில் புல்லாங்குழல் எழுந்தது. அதன் மேல் அவளுடைய குரல். "தடங்கலுக்கு வருந்துகிறோம். நிகழ்ச்சி சற்று நேரத்தில் தொடரும்."

ஒரு வாரமாகப் பயம் அவருக்கு வேலையை, வீட்டை, விசாரணையை, பழைய மெமோவை எல்லாம் ஞாபகப்படுத்தியது. இந்தப் பெட்டியை மட்டும் ஞாபகப்படுத்தவில்லை. அவரே கெஞ்சிக் கேட்டு வாங்கிய பெட்டி. அவரே ஏணி போட்டு ஏறி மாட்டிய பெட்டி!

"அட!" என்றார் இயக்குநர். எழுந்து வந்து அவர் முதுகில் தட்டினார். "பெரிய ஆளுய்யா நீங்க. அவங்களுக்காக ஃபேடர இறக்கின மாதிரியும் ஆச்சு, ஒலிபரப்பு நிக்காத மாதிரியும் ஆச்சு. இப்படி ஒரு ஏற்பாடு இருக்குன்னு நேத்தே சொல்லியிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேனே!"

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அந்த நொடியில் அவருக்கு வந்தது நிம்மதிதான். உடம்பு முழுக்கத் தளர்ந்து, கண்ணில் நீர் முட்டும் அளவுக்கு நிம்மதி. வேலை போகாது. வீடு போகாது. கேட்டில் நிற்பவர்களிடம் 'நான் இறக்கிட்டேன், மெஷின் பண்ணின வேலை' என்று சத்தியம் செய்யலாம். அது பொய்யும் இல்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

புல்லாங்குழல் ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கியது. "தடங்கலுக்கு வருந்துகிறோம்."

அவர் கண்ணாடியைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றிருந்தாள். ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்கியது. ஒலிபெருக்கியில் அவள் குரல் தெளிவாக, சிரித்த முகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. அவள் வாய் மூடியிருந்தது. மூடித்தான் இருக்கிறதா என்று பார்ப்பவள் போல விரல்களால் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சனிக்கிழமை சொன்னபடி அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இனி அவள் வர வேண்டியதில்லை, இந்தக் குரல் போதும் என்பதை அவள் நின்ற இடத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைப் பெட்டிக்குள் போட்டு வைத்தவர் இவர்.

அவர் எழுந்தார்.

"எங்க போறீங்க?"

மேசையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, அலமாரிக்குப் பின்னால் போனார். அங்கே பிளக்குகள் பதினெட்டு, அதில் பாதிக்குச் சீட்டும் இல்லை. எது எந்தப் பெட்டியுடையது என்று அந்தக் கட்டிடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். குனிந்து, கீழ்வரிசையில் மூன்றாவதைப் பிடுங்கினார்.

குரல் பாதி வார்த்தையில் நின்றது.

"மாட்டுங்க அத! மாட்டுங்கன்னு சொல்றேன்ல!" அந்த மனிதர் கத்தி நம்மவர் கேட்டது அதுதான் முதல்முறை. இயக்குநர் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வயர்க் காட்டைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். தலைமையகத்துக்குப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வெளியே ஓடினார்.

நம்மவர் பிளக்கை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். முன்னால் போன பதினைந்து வினாடியைக் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம். அவர் வாழ்க்கையிலேயே இவ்வளவு நீளமான மூன்று நிமிடம் இருந்ததில்லை. ஒவ்வொரு வினாடிக்கும் பயந்தார். நாற்பத்தொன்றாவது வினாடி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது நாற்பத்திரண்டு ஓடிக்கொண்டிருந்தது.

தூரத்தில், கேட் பக்கத்திலிருந்து ஏதோ சத்தம் வந்தது. கைதட்டலா, கூச்சலா, தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

சரியாக மூன்று நிமிடம் ஆனதும் ஃபேடரை ஏற்றினார், பொத்தானை அழுத்தினார். விவசாய நிகழ்ச்சி தொடங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் காது மடலைத் தொட்டாள். எல்லாம் சரி. எதுவுமே சரியில்லை என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் அவரும் தன் காது மடலைத் தொட்டுக் காட்டினார்.

பிறகு வழக்கம் போலப் பதிவேட்டை எடுத்தார். மௌனம் விழுந்தால் எழுதியாக வேண்டும். முதல் பேனா கையிலிருந்து நழுவி எங்கோ உருண்டது. சட்டைப்பையிலிருந்து இரண்டாவது பேனாவை எடுத்தார். நேரம் எழுதினார். மூன்று நிமிடம் என்று எழுதினார்.

காரணக் கட்டம் வந்தது. இருபத்து நான்கு வருஷமாக அந்தக் கட்டத்தில் மின்தடை என்றும், இயந்திரக் கோளாறு என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரு சிலர் 'தெரியவில்லை' என்றுகூட எழுதித் தப்பித்திருக்கிறார்கள். வெளியே நடையில் செருப்புச் சத்தங்கள் வேகமாக நெருங்கிக்கொண்டிருந்தன. அப்படி எழுதித் தப்பிக்க இன்னும் நேரம் இருந்தது.

'நான் நிறுத்தினேன்' என்று எழுதினார்.

அதற்கு நேரே, யாரும் கூப்பிடாத தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணல்மாணலாக விழுந்திருந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தார். வேண்டாம், படிக்க முடிகிறது என்று பதிவேட்டை மூடினார்.